'அடிச்சிடு' என்று சொன்னவன் நான்தான்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நடுவில் கணக்கும் வரும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிரியட் என்றால் வயிற்றைக் கலக்கியவர்கள்கூட தைரியமாகப் படிக்கலாம். யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்கமாட்டேன். கைப்பேசியில் ஆங்கில எழுத்துக்கு மாறி மாறித் தட்டுவது எனக்கு வரவில்லை. அதனால் எக்ஸ் வரவேண்டிய இடத்தில் 'ய' என்று எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருக்கும் பெண். என் மனைவிக்கு அவர்தான் பிளவுஸ் தைப்பார். துணி கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "அம்மா உள்ளே இருக்காங்க, போம்மா" என்றேன்.

"இல்ல சார், உங்களைத்தான் பார்க்க வந்தேன். நான் உங்க ஸ்டூடண்ட் சார். தொண்ணூத்தெட்டு பேட்ச்."

எனக்கு நினைவில்லை. 33 வருஷம் பாடம் நடத்தியவனுக்கு எல்லா முகமும் நினைவிருக்காது. அதிலும் முதல் பெஞ்சு முகங்களும் கடைசி பெஞ்சு முகங்களும்தான் தங்கும். நடு பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நாம் மறந்துவிடுகிறோம். இவர் நடு பெஞ்சு.

1998-இல் பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறார். மற்ற பாடமெல்லாம் பாஸ். கணக்கில் 31. நான்கு மார்க்கில் போய்விட்டது. வீட்டில் மறுபடி எழுத விடவில்லை. தையல் கற்றுக்கொண்டார், கல்யாணம் ஆயிற்று, கடை போட்டார். இப்போது ஒரு பயிற்சி மையத்தில் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டிருக்கிறார்கள். இவருடைய கைவேலையைப் பார்த்து அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கடைசியில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள்.

"இந்த ஒரு பேப்பர்தான் சார் பாக்கி. தனித்தேர்வரா எழுதறேன். ஃபீஸ் எவ்வளவுன்னு சொல்லுங்க."

"ஃபீஸெல்லாம் வேண்டாம். நாளைக்கு நோட்டோட வா" என்றேன்.

மறுநாளிலிருந்து கடை மூடியபின் எட்டு மணிக்கு வருவார். எங்கள் திண்ணையில் ஒரு பழைய கரும்பலகை சாய்த்து வைத்திருக்கிறேன். முதல் வாரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. காரணிப்படுத்துவதை ஆச்சரியமான வேகத்தில் பிடித்துக்கொண்டார். பிறகு விகிதமுறு கோவைகளுக்கு வந்தோம். பின்னத்துக்குள்ளேயே பின்னம் இருக்கும் கணக்குகள். மாடி வீடு போல மேலே ஒரு பின்னம், கீழே ஒரு பின்னம், நடுவில் ஒரு பெரிய கோடு. வகுப்பில் நான் அதை 'மாடிப் பின்னம்' என்பேன்.

பலகையில் இதை எழுதினேன்:

மேலே: 1 + 1/ய
கீழே: 1 − 1/ய²

"சுருக்கு" என்றேன்.

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மேலே இருந்த 1-க்கு ஒரு கோடு, கீழே இருந்த 1-க்கு ஒரு கோடு. மீதி 1/ய, அதன் கீழ் 1/ய². கழித்தல் குறியை என்ன செய்வது என்று தெரியாமல் அதையும் விட்டுவிட்டார். தலைகீழாக்கிப் பெருக்கி, விடை 'ய' என்று எழுதிவிட்டார்.

நான் கோபப்படவில்லை. வயதாகிவிட்டது. "சரியா தப்பான்னு நீயே பார்த்துக்கலாம்மா. ய-வுக்கு ஒரு எண்ணைப் போட்டுப் பார். 2 போடு" என்றேன்.

போட்டார். மேலே 1 + 1/2, அதாவது ஒன்றரை. கீழே 1 − 1/4, அதாவது முக்கால். ஒன்றரையை முக்காலால் வகுத்தால் 2. அவருடைய விடை 'ய', அதுவும் 2.

"சரியாத்தானே சார் வருது?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. 33 வருஷத்தில் எத்தனை ஆயிரம் முறை "2 போட்டுப் பார்" என்று சொல்லியிருப்பேன்! இந்தக் கணக்கில் தப்பான வழியும் சரியான வழியும் 2 என்ற இடத்தில் வந்து கைகுலுக்கிக்கொள்ளும் என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

"3 போடும்மா" என்றேன்.

மேலே 4/3. கீழே 8/9. வகுத்தால் 3/2, ஒன்றரை. அவருடைய விடைப்படி 3 வரவேண்டும். வரவில்லை.

பேனாவை வைத்துவிட்டு அமைதியாக இருந்தார். பிறகு சொன்னார்: "சார், நீங்கதானே சொல்லுவீங்க. மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி இருந்தா அடிச்சிடுன்னு. நான் அடிச்சேன். அப்புறம் ஒரு நாள் கிளாஸ்ல ஒரு கணக்குல அடிச்சேன், தப்புன்னீங்க. அன்னிக்கு அடிக்கலாம், இன்னிக்கு ஏன் சார் அடிக்கக் கூடாதுன்னு கேட்டேன். 'அடிக்கக் கூடாதுன்னா கூடாது, உக்காரு'ன்னீங்க. அப்புறம் நான் ஒண்ணும் கேட்கல."

குறையாகச் சொல்லவில்லை. ஊர்ச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அந்தச் சம்பவம் எனக்கு நினைவில்லை. ஆனால் நடந்திருக்கும். அந்த வார்த்தைகள் என் வார்த்தைகள்தான். ஐம்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், முடிக்கவேண்டிய பாடம். "உக்காரு" என்பது எனக்குப் பழகிப்போன சுருக்குவழி.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. 'அடி' என்ற சொல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நாம் எல்லோரும் சொல்வதுதான். அடி, வெட்டு, கேன்சல் பண்ணு. அந்தச் சொல்லில், என்ன நடக்கிறது என்பதே இல்லை. கையால் கோடு போடும் வேலை மட்டும்தான் இருக்கிறது. உண்மையில் நடப்பது வகுத்தல். தொகுதி முழுவதையும் பகுதி முழுவதையும் ஒரே எண்ணால் வகுக்கிறோம். முழுவதையும் என்பதுதான் உயிர். பெருக்கலில் காரணியாக நிற்பதை வகுத்து எடுக்கலாம். கூட்டலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை எடுக்க முடியாது.

எண்ணிலேயே பாருங்கள். மேலே 10 + 2, கீழே 10 + 5. பத்தையும் பத்தையும் அடித்தால் 2/5. உண்மையில் அது 12/15, அதாவது 4/5. பாதி காணாமல் போய்விட்டது. 10 × 2, கீழே 10 × 5 என்றால் 20/50. இதில் பத்தை எடுத்தால் 2/5, சரி. முதலில் இருந்தது கூட்டல் குறி, இரண்டாவதில் பெருக்கல் குறி. இந்த வித்தியாசத்தை நான் 1998-இல் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் அவர் வந்ததும் கணக்கை எடுக்கவில்லை. கடையைப் பற்றிக் கேட்டேன்.

"லைனிங் பிளவுஸ் ஒண்ணு தைக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம் சார்."

"உன் கடையில இருக்கிற பொண்ணுக்கு?"

"அவ இப்பதான் கத்துக்கறா. மூணு மணி நேரம் ஆகும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து தைச்சா ஒரு பிளவுசுக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரே பிளவுசை ரெண்டு பேர் எப்படி சார் தைக்கிறது?" என்று சிரித்தார். பிறகு, "சராசரியா ஒண்ணுக்கு எவ்வளவுன்னு கேட்கறீங்களா? ஆறு மணி நேரத்துல நான் மூணு தைப்பேன், அவ ரெண்டு தைப்பா. அஞ்சு பிளவுஸ். அப்போ ஒண்ணுக்கு ஒரு மணி பன்னெண்டு நிமிஷம்."

பேனாவைத் தொடவில்லை. மனக்கணக்கு.

நான் பலகையில் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அவர் தைப்பது 1/2 பிளவுஸ். அந்தப் பெண் தைப்பது 1/3. சேர்ந்து 1/2 + 1/3. ஒரு பிளவுசுக்கு ஆகும் நேரம்:

மேலே: 1
கீழே: 1/2 + 1/3

"இது நேத்து பார்த்த மாடிப் பின்னம்தான். இதை நீ இப்ப வாயாலேயே போட்டுட்டே. அது சரி, ஏன் ஆறு மணி நேரம்னு எடுத்தே? அஞ்சுன்னு ஏன் எடுக்கல?"

"அஞ்சுன்னா எனக்கு ரெண்டரை வரும், அவளுக்கு ஒண்ணேமுக்காலோ என்னமோ வரும். பாதி பிளவுசையெல்லாம் எண்ண முடியாது சார். ஆறுன்னாதான் ரெண்டு பேருக்கும் முழுசா வரும்."

நண்பர்களே, மீச்சிறு பொது மடங்கு என்றால் என்ன என்று இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. எல்லோருக்கும் முழுசாக வரும் மிகச் சிறிய அளவு. 2-க்கும் 3-க்கும் அது 6. மேலேயும் கீழேயும் 6-ஆல் பெருக்கினால், மேலே 6, கீழே 3 + 2. அதாவது 6/5 மணி நேரம், 72 நிமிடம். அவர் சொன்ன அதே ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.

பெருக்கினால் மதிப்பு மாறிவிடாதா என்று கேட்டார். நல்ல கேள்வி. 26 வருஷம் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி. மேலேயும் 6, கீழேயும் 6 என்றால் நாம் பெருக்குவது 6/6, அதாவது 1. ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது. உருவம்தான் மாறும்.

பிறகு பழைய கணக்குக்குத் திரும்பினோம். மேலே 1 + 1/ய. கீழே 1 − 1/ய². உள்ளே இருக்கும் சின்னப் பின்னங்களின் பகுதிகள் ய, ய². இரண்டுக்கும் முழுசாக வருவது எது?

"ய ஸ்கொயர்" என்றார்.

மேலே ய²-ஆல் பெருக்கினால் ய² + ய. கீழே பெருக்கினால் ய² − 1. மாடி இறங்கிவிட்டது, ஒரே தளம். இப்போது காரணிப்படுத்தினால் மேலே ய(ய + 1). கீழே (ய + 1)(ய − 1). இரண்டிலும் (ய + 1) பெருக்கலில் நிற்கிறது. இப்போது வகுத்து எடுக்கலாம். விடை ய/(ய − 1). 3 போட்டால் 3/2. சரியாக வந்தது. 2 போட்டால் 2/1, அதாவது 2. அந்த ஒரு இடத்தில்தான் தப்பு விடையும் இதுவும் சந்தித்துக்கொண்டன.

முதல் தடவை அவர் செய்தபோது ஒரு பிழை வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். 1/ய-வைப் பெருக்கி ய என்று எழுதிவிட்டு, தனியாக நின்ற 1-ஐப் பெருக்காமல் அப்படியே விட்டுவிட்டார். பின்னத்தைத்தான் சரி செய்யவேண்டும், முழு எண் ஏற்கெனவே நன்றாகத்தானே இருக்கிறது என்று மனம் நினைக்கும். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவரே பிடித்துக்கொண்டார். "ஓ, எல்லாத்தையும் ஒரே டேப்புல அளக்கணும். கையை இஞ்சுல அளந்துட்டு உடம்பை சென்டிமீட்டர்ல அளந்தா பிளவுஸ் சேராது." இந்த உவமையை நான் யோசித்துச் சொன்னதாக நீங்கள் நினைத்துக்கொண்டால் எனக்குப் பெருமைதான். ஆனால் அது அவருடையது.

டேப் என்றதும் எனக்கு என் தாத்தா நினைவு வந்தது. தாத்தா மளிகைக் கணக்கெழுதியவர். அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று பின்னங்களைப் பாட்டுபோலச் சொல்வார். மாகாணி என்றால் 1/16. மா என்றால் 1/20. காணி 1/80. முந்திரி 1/320. சின்ன வயதில் அது ஏதோ மந்திரம் என்று நினைத்தேன். கணக்கு வாத்தியாரான பிறகுதான் அதன் அழகு புரிந்தது. முந்திரியால் அளந்தால் எல்லாமே முழு எண். காணி 4 முந்திரி. மா 16. மாகாணி 20. அரைக்கால் 40. கால் 80. அரை 160. காலும் மாவும் சேர்ந்தால் எவ்வளவு? 80-உம் 16-உம் 96 முந்திரி. அவ்வளவுதான். நம் முன்னோர் பொதுப் பகுதியைத் தேடி அலையவில்லை. 320 என்ற பொதுப் பகுதியை அளவைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், கி.பி. 850 வாக்கில் வாழ்ந்த கணித அறிஞர் மகாவீரர், 'கணித சார சங்கிரகம்' என்ற நூலில் பின்னங்களைச் சேர்க்க மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லியிருக்கிறார். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் பழைய விஷயம். அதைத்தான் நம் பெண் "எல்லாருக்கும் முழுசா வரணும்" என்று ஒரு வரியில் சொன்னார்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். தையல் டேப்பை எடுத்து விரித்தார். ஒரு இஞ்சுக்குள் எட்டுக் கோடு. "இதுல கால் இஞ்சும் அரைக்கால் இஞ்சும் சேர்ந்தா மூணு கோடு சார். இதுக்குப் பேர்தான் பொதுப் பகுதியா?" என்றார். ஆமாம்மா, அதுக்குப் பேர்தான்.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்லவேண்டும். என் வகுப்பில் நான் ஒரே ஒரு வழிதான் நடத்தினேன். மேலே தனியாகச் சேர்த்து ஒரு பின்னமாக்கு, கீழே தனியாகச் சேர்த்து ஒரு பின்னமாக்கு, கீழே உள்ளதைத் தலைகீழாக்கிப் பெருக்கு. அது தப்பில்லை. சரியான வழிதான். இதே கணக்கில் (ய + 1)/ய, (ய² − 1)/ய² என்று வந்து, தலைகீழாக்கினால் அதே விடைதான் கிடைக்கும். ஆனால் அடியெடுத்து வைக்க இடம் அதிகம், தடுக்கி விழவும் இடம் அதிகம். மொத்தமாக மீ.பொ.ம.-ஆல் பெருக்கும் வழி எனக்குத் தெரியும். புத்தகத்தில் இல்லாததைச் சொன்னால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று சொல்லாமல் விட்டேன். குழம்பாமல் இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை.

31 மார்க்குக்கு நான்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஒரு மாடிப் பின்னம் யாரையும் தோற்கடிப்பதில்லை. ஆனால் "உக்காரு" என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு ஒரு பிள்ளை வருஷம் முழுக்கக் கேள்வி கேட்காமல் இருந்தால், அதில் நான்கு மார்க் போயிருக்காதா? இதற்கு என்னிடம் விடை இல்லை. 2 போட்டுப் பார்த்துச் சரிபார்க்கும் கணக்கும் இல்லை இது.

அவரிடம் ஒரு நாள் சொல்லியும்விட்டேன். "அன்னிக்கு உன்னை உக்காருன்னு சொன்னது தப்பும்மா." அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஐயோ, விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "என் பொண்ணு ஒன்பதாவது சார். அடுத்த வருஷம் அவளையும் கூட்டிட்டு வரட்டுமா?" என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது பணியில் இருக்கும் இளைய ஆசிரியர்களுக்கு மூன்று விஷயம். அறிவுரை இல்லை, என் அனுபவம்.

ஒன்று, 'அடி' என்று சொல்லாதீர்கள். "எதால் வகுக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பிள்ளை கோடு போடட்டும்.

இரண்டு, விடையைச் சரிபார்க்க 0, 1, 2 போடச் சொல்லாதீர்கள். சின்ன எண்கள் பொய் சாட்சி சொல்லும். 3 அல்லது 5 போடச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு எண்கள். இந்தக் கணக்கில் 0, 1, −1 போடவே கூடாது. 0 போட்டால் உள்ளே இருக்கும் பின்னங்களின் பகுதி பூச்சியம். 1, −1 போட்டால் பெரிய கோட்டுக்குக் கீழே பூச்சியம். ஏன் கூடாது என்பதையும் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மூன்று, நடு பெஞ்சைப் பாருங்கள்.

அவருக்கு அடுத்த வாரம் பரீட்சை. 100 மார்க், 35 எடுத்தால் போதும். நேற்று வைத்த மாதிரித் தேர்வில் 58 எடுத்தார். வடிவியல்தான் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. விடைத்தாளைத் திருத்தும்போது பார்த்தேன். மாடிப் பின்னம் வந்த இடத்தில், ஓரத்தில் சின்னதாக "எல்லாத்தையும் பெருக்கினேன்" என்று எழுதியிருந்தார். பரீட்சையில் அதை எழுதவேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எழுதட்டும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. பழக்கத்தை விடமுடியவில்லை.

மேலே: 1/ய − 1/3
கீழே: ய − 3

சுருக்குங்கள். எதால் பெருக்கினீர்கள் என்று கருத்துப் பெட்டியில் எழுதவேண்டும். ஒரு கழித்தல் குறி ஒளிந்திருக்கிறது, ஜாக்கிரதை. ய-வுக்கு எந்த எண்களைப் போடக்கூடாது என்றும் சொல்லுங்கள்.

தப்பாகப் போட்டவர்களை உட்காரச் சொல்லமாட்டேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.